ஈன்றவளின் மூக்கு

பொழுது சாயும் நேரம். திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில், அறுவடை முடிந்த மானாவாரிப் புஞ்சையில் கிடை போட்டிருக்கிறார்கள். பகலெல்லாம் மேய்ந்த செம்மறிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்புகின்றன. காலையிலிருந்து கூட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த குட்டிகளைத் திறந்துவிட்டதும் ஒரே கூச்சல். நூறு தாய், நூறு குட்டி. புதிதாக வந்து பார்ப்பவருக்கு எல்லாக் குட்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் கூச்சல் அடங்கிவிடும். ஒவ்வொரு குட்டியும் ஒரு மடியில் முட்டிக்கொண்டிருக்கும். வால் மட்டும் ஆடும்.

பசி தாளாத குட்டி கிடைத்த மடியில் வாய் வைக்கத்தான் பார்க்கும். ஆள் பார்த்து அனுமதிப்பது தாய். தலையைத் திருப்பிக் குட்டியின் வாலடியை ஒரு தடவை முகர்வாள். தன்னுடையது என்றால் காலை அகட்டி நிற்பாள். அடுத்தவள் குட்டி என்றால் ஒரே முட்டு. குட்டி உருண்டு போய் விழும்.

இதே ஆடு, ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பு எந்தக் குட்டியையும் ஏறெடுத்துப் பார்த்திருக்காது. பனிக்குட நீரின் வாடை பட்டாலே விலகிப் போயிருக்கும். ஈன்ற நாளிலோ அதே நீரில் நனைந்து கிடக்கும் குட்டியை நக்கி நக்கி அதன் மேல் ஒட்டியதையெல்லாம் விழுங்குகிறது. இரண்டுக்கும் இடையில் அந்த ஆட்டின் மண்டைக்குள் என்ன நடந்தது?

மழை வைத்த நாள்

இங்கிலாந்துச் செம்மறிக்குப் பருவம் என்பது வெளிச்சத்தின் கணக்கு. லண்டனில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் இடையில் கிட்டத்தட்ட 9 மணி நேர வித்தியாசம். இருட்டில் பீனியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. இரவு நீள நீள அந்தச் சுரப்பும் நீள்கிறது. இலையுதிர் காலத்தில் இரவு நீளத் தொடங்கியதும் ஆடுகள் பருவத்துக்கு வரும். ஐந்து மாதம் கழித்து, புல் முளைக்கும் வசந்தத்தில் குட்டி விழும்.

அருப்புக்கோட்டை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரை பாகையில் இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான். அவ்வளவு சின்ன மாற்றத்தை வைத்து ஆண்டுத் திட்டம் போட முடியாது. ஆகவே விளாத்திகுளம், சாத்தூர்ப் பக்கத்தில் மேயும் வேம்பூர் ஆடாகட்டும், முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு ஓடும் கன்னி ஆடாகட்டும், ஆண்டின் எந்த மாதத்திலும் சினை பிடிக்கக்கூடியவை.

அதற்காக எல்லா மாதமும் ஒன்றல்ல. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறத்தாழ பாதி, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அதையொட்டியும் வந்துவிடுகிறது. மழை பெய்து கம்மாய்க் கரையும் தரிசும் பச்சை கட்டினால் ஆட்டின் உடலில் கொழுப்பு ஏறும். கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1994இல்தான் இது கண்டறியப்பட்டது. உடம்பில் இருப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் தூது அது. கோடையில் சீமைக் கருவேல நெற்றைப் பொறுக்கிக் காலம் தள்ளும் ஆட்டில் தூது குறைகிறது, இனப்பெருக்க வேலை மந்தமாகிறது. கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே பெட்டைகளுக்குக் கூடுதல் தீவனம் கொடுக்கச் சொல்லும் கால்நடை மருத்துவர்கள், இந்தத் தூதை வலுப்படுத்தத்தான் சொல்கிறார்கள்.

தூது போய்ச் சேரும் இடம் ஹைபோதலாமஸ். மூளையின் அடித்தளத்தில், பிட்யூட்டரி சுரப்பிக்கு நேர் மேலே இருக்கிறது. பசி, தாகம், உடல் வெப்பம், இனப்பெருக்கம் நான்குக்கும் அங்கேதான் கணக்கு.

மூக்கில் பிறந்த செல்கள்

ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிக்கு எப்படி உத்தரவு போடுகிறது என்பதைக் கண்டுபிடித்த கதை, கசாப்புக் கூடங்களில் நடந்தது. அமெரிக்காவில் ரோஜர் கிய்மான் லட்சக்கணக்கான செம்மறிகளின் மூளைத் துண்டுகளைச் சேகரித்தார். அவருடைய போட்டியாளர் ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை மூளையையும் அரைத்து வடிகட்டினால் கிடைப்பது ஒரு மில்லிகிராம் அளவில்தான். 1971இல் ஷாலியின் குழு, பத்தே பத்து அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சரத்தின் அமைப்பை வெளியிட்டது. ஜி.என்.ஆர்.ஹெச். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹார்மோன் அது. பிட்யூட்டரியைத் தட்டி, சினைப்பையையும் விரையையும் இயக்கும் இரு ஹார்மோன்களை ரத்தத்தில் விடச் செய்வது இதன் வேலை. கிய்மானும் ஷாலியும் 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதில் ஒரு விநோதம் உண்டு. இந்த ஹார்மோன் குழாய்த் தண்ணீர்போல ஓடிக்கொண்டே இருந்தால் பலிக்காது. விட்டு விட்டு வர வேண்டும். எர்ன்ஸ்ட் நோபிலின் குழு 1978இல் குரங்குகளில் இதைக் காட்டியது. மணிக்கு ஒரு துடிப்பாகக் கொடுத்தபோது பிட்யூட்டரி வேலை செய்தது. நிறுத்தாமல் செலுத்தியபோது அது கதவைச் சாத்திக்கொண்டது. துடிப்புக்குத் தாளம் போடுவது கிஸ்பெப்டின் என்ற இன்னொரு மூலக்கூறைச் சுரக்கும் நரம்புச் செல்கள். அதன் மரபணு முதலில் அடையாளம் காணப்பட்டது அமெரிக்காவின் ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊரில். அந்த ஊரின் ‘கிஸ்’ மிட்டாயை வைத்து மரபணுவுக்குப் பெயர் சூட்டினார்கள். அது இனப்பெருக்கத்தின் சாவி என்பது 2003இல்தான் தெரியவந்தது. பெயர் பொருந்தியது தற்செயல்.

இன்னொரு விநோதம் நம் கதைக்கு நெருக்கமானது. ஜி.என்.ஆர்.ஹெச். சுரக்கும் செல்கள் ஒரு பாலூட்டியின் மூளையில் ஆயிரக்கணக்கில்தான் இருக்கும், சிலவற்றில் அதற்கும் குறைவு. அவை மூளையில் பிறப்பதே இல்லை. கருவில் மூக்கு உருவாகும் இடத்தில் பிறந்து, மோப்ப நரம்பைப் பற்றிக்கொண்டு நகர்ந்து ஹைபோதலாமஸில் குடியேறுகின்றன. 1989இல் எலிக் கருக்களில் இந்தப் பயணத்தைக் கண்டார்கள். மனிதர்களில் சிலருக்கு வாசனையும் தெரியாது, உரிய வயதில் பருவமும் வராது. கால்மன் நோய்க்குறி எனப்படும் இந்த இரட்டைக் குறைக்கு ஒரே காரணம் இருப்பது அதன் பிறகு விளங்கியது. செல்கள் மூக்கிலிருந்து கிளம்பி வழியிலேயே நின்றுவிட்டிருந்தன.

பருவ காலத்துக் கிடாயின் வீச்சம் தெரியாத ஆட்டுக்காரர் இருக்க முடியாது. தெருமுனையில் வரும்போதே மூக்கு சொல்லிவிடும். அந்த வீச்சத்துக்கும் வேலை இருக்கிறது. கிடாயைப் பார்க்காமல், முகராமல் சில வாரம் தனியே இருந்த பெட்டைகளிடம் திடீரென்று கிடாயை விட்டால், சில நிமிடங்களிலேயே அவற்றின் ஹார்மோன் துடிப்பு வேகமெடுக்கும். அடுத்த சில நாட்களில் பலவற்றில் முட்டை வெளிப்படும். ஆஸ்திரேலியச் செம்மறிகளில் 1944இலேயே இதைப் பதிவு செய்தார்கள். 2014இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கிடாக்களுக்குத் தொப்பி மாட்டித் தலைமயிரிலிருந்து கிளம்பும் ஆவியைச் சேகரித்தார்கள். அதில் ‘4-எதில் ஆக்டனல்’ என்ற பொருளைப் பிரித்தெடுத்துப் பெட்டைக்கு முகரக் கொடுத்தபோது, மூளையின் தாளச் செல்கள் உடனே தட்டத் தொடங்கின. ஆளை மூக்கைப் பொத்த வைக்கும் கிடாயிடமிருந்து வந்த அந்தப் பொருளுக்குத் தனியே முகர்ந்தால் ஆரஞ்சுத் தோலை ஒத்த வாசம்.

பிறந்த நாளைக் குறிப்பது யார்?

செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். அந்த நாள் வந்துவிட்டது என்று முடிவெடுப்பது தாய் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். நியூசிலாந்து மகப்பேறு மருத்துவர் மான்ட் லிக்கின்ஸ் 1960களில் அதைத் தலைகீழாக்கினார். வயிற்றிலிருக்கும் குட்டியின் பிட்யூட்டரியை அழித்தால் நாள் கடந்தும் பிரசவம் நடக்கவில்லை. குட்டிக்குக் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செலுத்தினால் நாளுக்கு முன்பே பிரசவம் நடந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் இதற்கு இயற்கையே ஒரு சான்று வைத்திருந்தது. சினைபிடித்த பதினான்காம் நாள் வாக்கில் ஒரு நச்சுச் செடியைத் தின்ற ஆடுகள் ஒற்றைக் கண் குட்டிகளைச் சுமந்தன. மூளை சிதைந்து பிட்யூட்டரி இல்லாமல் போன குட்டிகளோ, நாள் கடந்தும் வயிற்றிலேயே வளர்ந்துகொண்டிருந்தன.

குட்டியின் மூளை முற்றுகிறது; அதன் கார்ட்டிசால் ஏறுகிறது. அதைக் கண்டு நச்சுக்கொடி தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. சினையைத் தக்கவைத்த புரோஜெஸ்டிரோன் சரிய, ஈஸ்ட்ரோஜன் உயர்கிறது. ஆட்டின் பிரசவ நாளைக் குட்டிதான் குறிக்கிறது.

லிக்கின்ஸ் இன்னொன்றையும் கவனித்தார். கார்ட்டிசால் பெற்றுக் குறைமாதத்தில் பிறந்த குட்டி செத்துப் பிறந்திருக்க வேண்டும். அது மூச்சு விட்டது. அந்த ஹார்மோன் நுரையீரலையும் முற்ற வைத்திருந்தது. இதைப் பின்பற்றி அவரும் ரோஸ் ஹோவியும் தாய்மாரிடம் செய்த ஆய்வு 1972இல் வெளியானது. இன்று குறைமாதப் பிரசவம் நேரும் என்று தெரிந்தால், இந்திய அரசின் வழிகாட்டுதல்படி தாய்க்கு டெக்சாமெத்தசோன் ஊசி 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை போடுகிறார்கள். ‘குழந்தையின் நுரையீரலுக்கு’ என்று செவிலியர் சொல்லிப் போடும் அந்த ஊசியின் தொடக்கம் ஒரு செம்மறிக் குட்டி.

கொஞ்ச நேரம் திறந்திருக்கும் கதவு

ஏறிய ஈஸ்ட்ரோஜன் மூளையிலும் வேலை பார்க்கிறது. ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை ஏற்கும் முனைகளை அது பெருக்கிவைக்கிறது. ஆக்ஸிடோசின் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்டது. பிட்யூட்டரிச் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதை 1906இல் ஹென்றி டேல் கண்டார். 1953இல் வின்சென்ட் டூ விக்னோ ஆய்வகத்தில் அந்த ஹார்மோனையே செய்து காட்டி, 1955இல் வேதியியல் நோபல் பெற்றார். நெடுங்காலம் அது கருப்பைக்கும் மடிக்கும் உரியதாகவே கருதப்பட்டது. 1979இல் பெடர்சனும் பிரேஞ்சும் ஈனாத பெண் எலிகளின் மூளைக்குள் அதைச் செலுத்தினார்கள். அடுத்தவள் குஞ்சுகளை ஒதுக்கும் அந்த எலிகள், குஞ்சுகளைக் கவ்விவந்து கூடு கட்டி அணைத்துக்கொண்டன.

செம்மறியில் கதை இன்னும் துலங்கியது. கேம்பிரிட்ஜின் கெவர்னும், பிரெஞ்சு விஞ்ஞானிகளான லெவி, புவாந்த்ரோன் ஆகியோரும் 1983இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சினையில்லாத ஆடுகளுக்கு ஹார்மோன் கொடுத்துத் தயார்செய்து, பிறப்புவழியையும் கருப்பை வாயையும் ஐந்து நிமிடம் தூண்டினார்கள். அந்த ஆடுகள் முன்பின் பாராத குட்டியை நக்கத் தொடங்கின. குட்டி வெளியேறும்போது கருப்பை வாய் விரிகிறது. அந்தச் சேதி தண்டுவடம் வழியே மூளைக்கு ஏறுகிறது. மூளைக்குள்ளேயே ஆக்ஸிடோசின் வெள்ளமாகப் பாய்கிறது. தண்டுவடத்தை மரக்கச் செய்து ஈன வைத்த ஆடுகளில் இந்தத் தாய்மை தடுமாறியது. கெவர்னும் அவருடன் ஆய்வு செய்த கெண்ட்ரிக்கும் 1987இல் ஆக்ஸிடோசினை நேரே மூளைக்குள் செலுத்தியபோது, ஆடு உடனடியாகத் தாயாகிவிட்டது.

அந்த வெள்ளம் மூக்கை நோக்கியும் பாய்கிறது. மூக்கிலிருந்து வரும் சேதியை முதலில் வாங்கும் முகர்குமிழில், பிரசவத்துக்கு முன் பெரும்பாலான செல்கள் தீவன வாசத்துக்கே துடித்தன. குட்டி வாசத்தைக் கண்டுகொண்டவை மிகச் சில. பிரசவத்துக்குப் பின் குட்டி வாசத்துக்குத் துடிக்கும் செல்கள் பல மடங்காகின. அவற்றில் ஒரு பகுதி தன் குட்டியின் வாசத்துக்கு மட்டுமே அதிகமாகத் துடித்தன. 1992இல் கெண்ட்ரிக், லெவி, கெவர்ன் வெளியிட்ட முடிவு இது. பாடம் முடிய இரண்டு மணி நேரம் போதும். அதற்குப் பிறகு மற்றக் குட்டிகளுக்கு முட்டுதான். மோப்பம் இழந்த ஆடு யார் குட்டி வந்தாலும் பால் கொடுக்கும். யாரையும் தள்ளத் தெரியாது.

கதவு திறந்திருக்கும் நேரம் குறைவு. 1964இல் அமெரிக்காவில் பீட்டர் க்ளாஃபர் வெள்ளாடுகளை வைத்துப் பார்த்தார். ஈன்ற உடனே ஐந்து நிமிடம் குட்டியுடன் இருந்த தாய், பிறகு இரண்டு மூன்று மணி நேரம் பிரித்துவைத்தாலும் குட்டியைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஐந்து நிமிடம் கிடைக்காத தாய்களில் பெரும்பாலானவை ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்த சொந்தக் குட்டியை உதைத்துத் தள்ளின. செம்மறியிலும் அப்படித்தான்; குட்டியின் வாசமே படாமல் அரை நாள் போனால் பெரும்பாலான தாய்களிடம் அந்த ஆசை வடிந்துவிடுகிறது.

நாள் போகப் போகக் குரலும் முகமும் சேர்ந்துகொள்ளும். செம்மறிகள் ஐம்பது சக ஆடுகளின் முகத்தை இரண்டு ஆண்டு வரை நினைவில் வைத்திருந்ததாகக் கெண்ட்ரிக் 2001இல் காட்டினார். ஆனாலும் மடிக்கு வந்த குட்டியிடம் கடைசி வார்த்தை மூக்கினுடையதுதான்.

தோல் கன்றும் ஊசியும்

கன்று செத்துப்போன பசு பாலை அடக்கிக்கொள்ளும். அதற்குத் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு வழி இருந்தது. கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து, பசுவின் முன்னால் நிறுத்திவைப்பார்கள். பசு அதை நக்கும், பால் இறங்கும். நக்குவதும் முகர்வதும் காம்பில் விரல் படுவதும் ஹைபோதலாமஸைத் தூண்ட, ஆக்ஸிடோசின் ரத்தத்தில் கலந்து ஒரு நிமிடத்துக்குள் மடியை எட்டி, பால் அறைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களைச் சுருக்குகிறது. பால் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இறங்க உத்தரவு வேண்டும். மிரட்டினாலோ அடித்தாலோ அட்ரினலின் குறுக்கே நிற்கும். அதனால்தான் புது ஆள் உட்கார்ந்தால் மாடு கறக்க விடுவதில்லை.

இதே பாதையைக் கொடுமையாகப் பயன்படுத்தியதும் உண்டு. பசுவின் பிறப்பு உறுப்புக்குள் காற்றை ஊதிப் பால் இறக்கும் ‘பூக்கா’ என்ற வழக்கம் வட இந்தியக் கொட்டில்களில் இருந்தது. கெவர்ன் கண்டுகொண்ட அதே நரம்புப் பாதைதான். காந்தி பாலைத் துறந்ததற்கு இதை ஒரு காரணமாகச் சொன்னார். நோயில் கிடந்த அவரிடம், அப்படியானால் ஆட்டுப் பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூர்பா கேட்க, ஆட்டுப் பால் குடிக்கத் தொடங்கியதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பூக்காவையும், பால் பெருக்க உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதையும் ஒரே பிரிவில் குற்றமாக்கியது. ஊசி வழியே ரத்தத்தில் ஏற்றிய ஆக்ஸிடோசின் மூளைக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை. ஊசி பாலை இறக்கும், தாயை உண்டாக்காது.

பால் உண்டாவதற்கு வேறொரு ஹார்மோன் வேண்டும்: பிட்யூட்டரி சுரக்கும் புரோலாக்டின். குட்டி ஊட்ட ஊட்ட அது ஏறும். அதே ஊட்டுதல் ஜி.என்.ஆர்.ஹெச். துடிப்பையும் மந்தமாக்குகிறது. கைக்குட்டி இருக்கும்வரை பல ஆடுகள் மீண்டும் பருவத்துக்கு வரத் தாமதிப்பது இதனால்தான். மனிதரிலும் இது உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாத தாய்க்குக் கருத்தரிக்காமல் இருக்கும் வாய்ப்பு 98 விழுக்காடு என்று 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். மூன்று நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு செல்லாது.

மனிதத் தாய் மூக்கை மட்டும் நம்பியிருப்பவள் அல்ல. பெறாத பிள்ளையையும் பெற்றதுபோல் வளர்ப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆட்டுக்கு அந்த இடம் இல்லை. கதவு திறந்திருக்கும்போது உள்ளே போன குட்டிக்குத்தான் மடி.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு நான்காக விலையில்லா ஆடு வழங்கத் தொடங்கியபின், இந்த வறண்ட பகுதியில் முதல் தடவையாக ஆட்டுக்குப் பிரசவம் பார்த்த பெண்கள் ஏராளம். அவர்களுக்கும், இனி ஆடு வாங்கப் போகிறவர்களுக்கும் இந்த அத்தியாயத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சில காரியங்கள் உண்டு. குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையை மட்டும் எடுத்துவிடுங்கள். துணியால் துடைக்கவோ தண்ணீரில் கழுவவோ வேண்டாம். தாயின் முகத்துக்கு நேரே போட்டுவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்திருக்க வேண்டும். கன்னி ஆடு இரட்டை போட்டால், இரண்டாவது வெளிவரும்போது முதல் குட்டி தள்ளிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலை ஈற்றுத் தாயையும் குட்டியையும் ஓரிரு நாள் ஒரு சின்ன அடைப்பில் தனியே வையுங்கள். தாயில்லாக் குட்டியை இன்னொன்றிடம் விட வேண்டுமானால், அன்றைக்கு ஈனும் ஆட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் பனிக்குட நீரைக் குட்டியின் மேல் நன்றாகத் தேய்த்து, அது தன் குட்டியை நக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் விடுங்கள். மறுநாள் விட்டால் முட்டித் தள்ளிவிடும்.